அடிக்கவில்லை, கை நீட்டினேன்

புதுக்கோட்டை
6.2.2025

அக்காவுக்கு லியோ எழுதுவது.

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. வக்கீல் பழனிச்சாமி சார் கறாராகச் சொல்லிவிட்டார். "போன்ல யாருகிட்டயும் கேஸைப் பத்திப் பேசாதீங்க லியோ. ரெக்கார்டு பண்ணிக் கோர்ட்ல போட்டுக் காட்டிருவாங்க." வாட்ஸ்அப்பும் கூடாதாம். அதனால்தான் தபால்.

நேற்று என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். மேலே உட்கார்ந்திருப்பது பொம்பளை. கீழே டைப் அடிப்பது பொம்பளை. பெயரைக் கூப்பிடுகிறவர் மட்டும் ஆம்பளை, அவரும் என் பெயரைக் கூப்பிடும்போது ஏதோ கெட்ட வார்த்தையைச் சொல்வதுபோலச் சொல்கிறார். பிரின்சியின் வக்கீல் எடுத்த எடுப்பில், "உங்க மனைவியை அடிச்சீங்களா?" என்றான்.

"இல்லைங்க. அடிக்கலை. கோவத்துல ஒருதடவை கை நீட்டினேன், அம்புட்டுத்தான்" என்றேன்.

"கையை நீட்டி என்ன கேட்டீங்க, தண்ணியா?"

பின்னால் உட்கார்ந்திருந்த கூட்டம் சிரித்தது. நீதிபதியம்மா சிரிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால், "நீட்டுன கை அவங்க மேல பட்டுச்சா?" என்று கேட்டார். கன்னத்தில் பட்டது என்றேன். "அடித்ததை ஒப்புக்கொள்கிறார்னு எழுதுங்கம்மா" என்று டைப் அடிப்பவரிடம் சொல்லிவிட்டார். நான் சொன்னது ஒன்று, எழுதியது வேறொன்று. என் வார்த்தையை என் கண் முன்னாலேயே மாற்றினார்கள். இதற்குப் பெயர் நீதிமன்றம்.

பொய்க் கேஸில் மாட்டி அலைந்த குடுமியான்மலை நாகராசு சொல்வது சரி. இந்த நாட்டில் ஆம்பளையாகப் பிறந்தவன் கோர்ட் படியில் கால் வைக்கும்போதே பாதி தோற்றுவிட்டான். நான் கட்டிய வீட்டுக்குள் நான் நுழையக் கூடாதென்று இடைக்கால உத்தரவு. திருக்கோகர்ணத்தில் ஒரு மாடி அறையில் கிடக்கிறேன். என் பிள்ளை ஷைனியைப் பார்க்க வேண்டுமென்றால் கோர்ட் காட்டுகிற அறையில், கோர்ட் சொல்கிற நேரத்தில்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்து எங்கள் தரப்பு சாட்சி. போன வருஷம் ஈஸ்டர் தேரன்று நம்ம ஊர் வீட்டு அடுப்படியில் நீ இருந்தாய். நீ வந்து, பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் போதும். நீ டீச்சர். உன் வார்த்தைக்கு மதிப்பு இருக்கிறது. நீ வராவிட்டால் ஷைனி எனக்கு இல்லை.

உன் தம்பி
லியோ

*

ஆவூர்
14.2.2025

லியோவுக்கு,

உன் கடிதம் வந்தது. உன் வக்கீலின் அறிவை நினைத்து இரண்டு நாளாக வியந்துகொண்டிருக்கிறேன். போனில் பேசினால் ஆதாரமாகிவிடும் என்று பயந்து, மனைவியை அடித்த விவரத்தைக் கைப்பட எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறார். அவருக்கு என் வணக்கத்தைச் சொல். பயப்படாதே, நான் இதை யாரிடமும் கொடுக்கப்போவதில்லை. நீயே கோர்ட்டில் சொல்லிவிட்டதற்கு இன்னொரு ஆதாரம் எதற்கு?

மேலே பொம்பளை, கீழே பொம்பளை என்று எழுதியிருக்கிறாய். பிரின்சி முதன்முதலில் ஸ்டேஷனுக்குப் போனபோது அங்கே இருந்ததும் பொம்பளைதான். "தேர்த் திருநா அன்னைக்குக்கூட வீட்டுக்காரரைக் கோவப்படுத்தாம இருக்கத் தெரியாதா ஒனக்கு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். மறுபடி போனாள். கவுன்சலிங் என்று உட்காரவைத்து, "அவரு கை நீட்டுற அளவுக்கு நீ என்னம்மா சொன்ன?" என்றார்கள். கவனித்தாயா லியோ? கை நீட்டுற அளவுக்கு. அங்கே உன் வார்த்தையைத்தான் பேசினார்கள், ஓர் எழுத்து மாற்றவில்லை. அன்றைக்கு உனக்குப் பாரபட்சம் எதுவும் கண்ணில் படவில்லை. "ஸ்டேஷன்லயே அவளைத்தான் திட்டுனாங்க" என்று போனில் என்னிடம் சிரித்தாய்.

நாகராசு விஷயத்தை எடுத்தாய். அவனுக்கு நடந்தது அநியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அவன் அம்மாவும் சேர்ந்து மருமகளை அடித்ததாக எழுதிக்கொடுத்தார்கள். அந்தக் குடும்பம் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் நாகராசு அடிக்கவில்லை, நீ அடித்தாய். அவனுடைய நியாயத்தை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு கோர்ட் வராந்தாவில் உலவாதே, அளவு சரியாக இல்லை.

சாட்சிக்கு நான் வரமாட்டேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லையா? பிரின்சியின் இடது காதுத் தோடு வளைந்து சதைக்குள் இறங்கியிருந்தது. அதைக் கழற்றியது நான். நீ டயர் கம்பெனியில் கிளை மேனேஜர் ஆகிவிட்டதாகச் சொந்தக்காரர்கள் முன்னால் அளந்துவிட்டாய், அவள், "இன்னும் ஆர்டர் வரலைங்க" என்று சிரித்தாள். அதற்கு அந்த அடி. அதற்குப் பிறகு அடுப்படிக்கு வந்து, கறிக்குழம்பு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாயே, அதையும் கோர்ட்டில் சொல்லட்டுமா?

மரிய செல்வி

*

புதுக்கோட்டை
22.2.2025

அக்கா,

உனக்கு எப்போதும் நக்கல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மிரட்டி மிரட்டி அதே வாய் வந்துவிட்டது.

சரி, நீ பக்தியுள்ளவள், சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்ல மனசு வராது, ஒத்துக்கொள்கிறேன். அதனால் பொய்யே வேண்டாம். நான் யோசித்துப் பார்த்தேன். பழனிச்சாமி சார் உன்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "உங்க தம்பி பிரின்சியை அடிச்சதைப் பாத்தீங்களா?" இல்லை என்று நீ சொன்னால் அது பொய்யாகாது. எப்படி என்று கேள்.

நம்ம வீட்டில் அடி என்றால் என்ன? கிழக்குத் தெரு வெள்ளைச்சாமி அவன் பொண்டாட்டியை மாட்டுக் கயிற்றால் விளாசினானே, அது அடி. ஊரே அப்படித்தான் சொல்லும். நம்ம அப்பா அம்மாவை அடித்தாரா? அம்மாவையே கேள். "உங்கப்பா என்னை ஒருநாளும் அடிச்சதில்லை, கை நீட்டுவாரு, அம்புட்டுத்தான்" என்று நம் காது புளிக்கச் சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டில்தான் நீயும் நானும் பேசக் கற்றுக்கொண்டோம். நம்ம வீட்டுப் பேச்சுப்படி நான் அடிக்கவில்லை. அதை நீ நம்ம வீட்டுப் பேச்சில் சொல்லப்போகிறாய். இதில் பாவம் எங்கே வந்தது?

நக்கலை விட்டுவிட்டு இதையும் படி. போன சனிக்கிழமை ஷைனியைப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஒரு கரடி படம், கதவுக்குப் பக்கத்தில் ஓர் அம்மா காவல். அவளுக்குப் பிடிக்குமே என்று பால்கோவா வாங்கிப் போனேன். வாங்கிக்கொண்டாள், தின்னவில்லை. மடியில் உட்காரச் சொன்னேன், "இங்கேயே இருக்கேம்ப்பா" என்றாள். நான் என் பிள்ளை மேல் ஒரு விரல்கூட வைத்ததில்லை, உனக்குத் தெரியும். நேரம் முடிந்தது என்று அந்த அம்மா எழுந்தபோது ஷைனிதான் முதலில் எழுந்தாள். கீழே வந்து பைக் மேல் உட்கார்ந்து அழுதேன். ஆம்பளை அழுதால் எந்தக் கோர்ட் எழுதிக்கொள்கிறது?

நீ வராவிட்டால் அம்மாவைக் கூப்பிடுவேன். அன்றைக்கு அம்மாவும் அங்கேதானே இருந்தாள்.

லியோ

*

ஆவூர்
1.3.2025

லியோ,

நீ எழுதியதில் ஷைனியைப் பற்றிய பகுதியை மட்டும் இரண்டு தடவை படித்தேன். அது பொய்யில்லை என்று தெரிகிறது. மற்றதெல்லாம் உன் வழக்கமான கெட்டிக்காரத்தனம்.

நம்ம வீட்டுப் பேச்சு! என்ன ஒரு கண்டுபிடிப்பு. அப்படியென்றால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எந்தப் பேச்சில் சொல்வாய்? "சாமி, நான் அடிக்கலை, கை நீட்டினேன், அவ மூஞ்சி நடுவுல வந்துருச்சு" என்றா? ஒரு வேலை செய்யேன். உங்கள் ஷோரூமில் யாராவது வாடிக்கையாளர் உன் கன்னத்தில் ஒன்று விடட்டும். "சார், கொஞ்சம் கை நீட்டிட்டாரு, அம்புட்டுத்தான்" என்று முதலாளியிடம் போய்ச் சொல். ஆம்பளை கன்னத்தில் விழுந்தால் அதற்குப் பெயர் அடி. பொம்பளை கன்னத்தில் விழுந்தால் கை நீட்டுவது. பாரபட்சம், பாரபட்சம் என்று ஊரெல்லாம் தேடுகிறாயே, அது உன் வாயிலேயே இருக்கிறது.

கோர்ட்டில் ஆம்பளைக்கு மதிப்பில்லை என்கிறாய். ஒரு தடவையாவது பிரின்சி போகிற வழியில் போய்ப் பார். எத்தனை வாய்தா என்று அவள் எண்ணுவதையே விட்டுவிட்டாள். உன் வக்கீல் வரவில்லை, தள்ளிவைப்பு. உன் வக்கீலுக்குக் காய்ச்சல், தள்ளிவைப்பு. ஒவ்வொன்றுக்கும் அவள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, வராந்தாவில் நின்றுவிட்டுப் போகிறாள். பக்கத்தில் நிற்கிற பெண்ணெல்லாம் வருஷக்கணக்கில் நிற்கிறவர்களாம். அப்பேர்ப்பட்ட பொம்பளை ராஜ்யம்.

ஷைனி ஏன் உன் மடியில் உட்காரவில்லை என்று என்னைக் கேட்கிறாய். அவள் மேல் நீ விரல் வைக்கவில்லை, சரி. அன்று அவள் அடுப்படி வாசலில் அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நீ திரும்பிப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

கடைசியாக ஒன்று. அம்மாவைக் கோர்ட்டுக்கு இழுக்காதே. அம்மாவைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதே, உனக்காகச் சொல்கிறேன். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. தான் உண்மை என்று நம்புவதை அப்படியே சொல்வாள். அதை உன்னால் தாங்க முடியாது.

செல்வி

*

புதுக்கோட்டை
20.3.2025

அக்கா,

நீ பள்ளிக்கூடத்தில் இருந்தபோது வீட்டுக்கு வந்தேன். இதை அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். நான் வாயைத் திறக்கும் முன்பே, "ஒனக்காக வராம வேற யாருக்குடா வரப்போறேன்?" என்றாள். பெற்றவள் பெற்றவள்தான். கூடப் பிறந்தவர்களெல்லாம் கல்யாணம் வரைக்கும்தான் போலிருக்கிறது.

பழனிச்சாமி சார் அம்மாவோடு பேசிப் பார்த்தார். "அம்மா பேச்சு சுத்தமா இருக்கு, இதவிட நல்ல சாட்சி கெடைக்காது" என்று ரொம்பச் சந்தோஷம். ஏப்ரல் எட்டாம் தேதி. நான் காரில் வந்து கூட்டிப்போகிறேன். நீ ஒன்றும் செய்ய வேண்டாம், அம்மாவின் மனசைக் கலைக்காமல் இருந்தால் போதும்.

லியோ

*

புதுக்கோட்டை
9.4.2025

செல்விக்கு,

இனி அக்கா என்று எழுத மாட்டேன்.

என்ன சொல்லிக்கொடுத்து அனுப்பினாய்? நேர்மையாகச் சொல். எத்தனை நாள் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாய்?

எங்கள் வக்கீல் கேட்டவரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போனது. "எம் மகன் அடிக்கிற புள்ளை இல்லைங்க. அவுக அப்பா அடைக்கலசாமி மாதிரி. அவுகளும் என்னை அடிச்சதே இல்லை" என்று கணீரென்று சொன்னாள். பழனிச்சாமி சார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு பிரின்சியின் வக்கீல் எழுந்து அம்மாவுக்கு இடது பக்கமாக வந்து நின்று ஏதோ கேட்டான். அம்மாவுக்குக் கேட்கவில்லை.

"இங்கிட்டு வந்து பேசுங்க தம்பி. அங்கிட்டுக் கேக்காது" என்றாள்.

வீட்டில் தினம் சொல்கிற வார்த்தைதான். அந்த ஆள் இங்கிட்டு வந்து நின்றுகொண்டு, ரொம்ப மரியாதையாக, "ஏம்மா அங்கிட்டுக் கேக்காது? வயசாயிருச்சா?" என்றான்.

"வயசுக்கென்ன தம்பி. இது அப்பயே போயிருச்சு. லியோ வயித்துல இருக்கப்ப அவுக ஒருதடவை கை நீட்டுனாக. அதோட போயிருச்சு" என்றாள் அம்மா. மழை பெய்தது, மாடு மேய்ந்தது என்பதுபோலச் சொன்னாள்.

சிரிக்கிற கூட்டம் அன்று சிரிக்கவில்லை. "உங்க மகனும் அதே மாதிரி கை நீட்டுவாராம்மா?" என்றான். "நீட்டுவான். அவுக அப்பா கைதானே அவனுக்கும்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். என்னைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் சிரிக்கிறாள்! நீதிபதியம்மா டைப் அடிப்பவர் பக்கம் திரும்பினார். "அந்தம்மா சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்க, மாத்த வேண்டாம்" என்றார். என் வார்த்தையை மாற்றினார்கள், அம்மாவின் வார்த்தையை மட்டும் மாற்றவில்லை. இதுதான் பாரபட்சம் என்கிறேன். நான் கூட்டிப்போன சாட்சியையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள்.

காது எனக்குத் தெரியாது. காய்ச்சலில் போனது என்றுதான் அப்பா சொல்லியிருந்தார்.

தீர்ப்பு ஜூனில். என்ன வரும் என்று பழனிச்சாமி சார் முகத்திலேயே தெரிகிறது. அப்பீல் போவேன். நீதான் சொல்லிக்கொடுத்தாய், எனக்குத் தெரியும்.

லியோ

*

ஆவூர்
22.4.2025

லியோவுக்கு,

நான் சொல்லிக்கொடுத்தேனாம். அம்மாவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. உனக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். நான் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை, என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே நான் சொல்லிக்கொடுப்பதைக் கேட்பதில்லை.

உன்மேல் எனக்கு இருக்கும் இளக்காரம் குறையவில்லை. பெற்ற தாய் தன் காது போன கதையை ஊர் பேர் தெரியாதவர்கள் முன்னால் சொல்லிக்கொண்டிருக்கும்போது, டைப் அடிப்பவர் எந்த வார்த்தையை மாற்றினார், எதை மாற்றவில்லை என்று கணக்குப் பார்த்தாய் நீ. வேறு யாராலும் அது முடியாது. ஆனால் நீ எழுதியதில் ஒரு வரி மட்டும் உண்மையாக இருக்கிறது. காது எனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது லியோ. நானும் காய்ச்சல் என்றுதான் நினைத்திருந்தேன். வாழ்நாள் முழுக்க அம்மாவுக்கு வலது பக்கமாகப் போய் நின்று பேசியிருக்கிறேன், ஏன் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. உன் புண்ணியத்தில் கோர்ட்டில்தான் தெரியவேண்டியிருந்தது.

நீ அம்மாவைக் கோர்ட்டிலேயே விட்டுவிட்டு, கோபமாகக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். தகவல் வந்து நான்தான் லீவு போட்டுக்கொண்டு போய் அம்மாவைக் கூட்டிவந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "நல்லாத்தானேடி சொன்னேன்? ஏன் தம்பி மூஞ்சியத் தூக்கிக்கிட்டுப் போறான்?" என்றாள். நல்லாத்தான் சொன்னே என்றேன். கீரனூரில் பஸ் நின்றது. அப்புறம், "அந்த நீதிபதி புள்ளை எதுக்கு என் காதையே பாத்துக்கிட்டு இருந்துச்சு?" என்றாள். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. சோற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருப்பாள். என்னம்மா என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர் தேர். நீ வரவில்லை. பிரின்சி ஷைனியைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்திருந்தாள். வீட்டுக்கு வரத் தயங்கினாள், நான்தான் கட்டாயப்படுத்தினேன். அதே அடுப்படி. அம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிரின்சியைப் பார்த்ததும், "இங்கிட்டு வாம்மா" என்றாள். பிரின்சி வழக்கம்போல அம்மாவின் வலது பக்கமாகப் போனாள். "அங்கிட்டுத் திரும்பு" என்று அவள் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பி, இடது காதில் தோடு போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தாள். தழும்பு இருக்கிறது. பிறகு அந்தக் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, எனக்கே கேட்காத அளவுக்கு மெல்ல ஏதோ சொன்னாள். ஷைனி பேரைத்தான் சொன்னாளாம், பிரின்சி பிறகு சொன்னாள்.

"கேட்டுச்சா?" என்றாள் அம்மா.

"கேட்டுச்சுங்க அத்தை."

"நல்லாக் கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு."

"அப்ப அவன்கிட்டத் திரும்பிப் போகாத" என்றாள். எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு, ஷைனிக்குத் தட்டில் சோறு போட்டாள்.

இதையும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

மரிய செல்வி